நடிகரின் முகத்தில் இருந்த பிசிறு

என் அத்தைக்கு அவள் வேலை பார்த்த அச்சுப் பட்டறையில் வைத்த பெயர் சுத்தம். "ஏ சுத்தம், அந்தக் கம்பளியை உதறிப் போடு", "சுத்தம் வந்தாச்சா, கதவு திறந்திருக்கே" என்று அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் அப்பா இன்னும் மோசம். "என் தங்கச்சி கை பட்டா நிழல்கூட வெளுத்துடும்" என்பார். அம்மா கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை, அம்மா அந்தப் பக்கம் போனதும் அத்தை எடுத்து இன்னொரு தடவை கழுவுவாள். சத்தம் வராமல் கழுவுவதாக அவளுக்கு நினைப்பு. "கழுவட்டும், எனக்கென்ன, குழாய் தேயப் போகுது" என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள். அத்தை குழாயை மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல ஜன்னலைப் பார்ப்பாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "வந்தவங்க யாரும் ஒழுங்கா கை கழுவலை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். கேட்டவர் தம் கையைப் பார்த்துக்கொள்வார்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் முதலில் வேலைக்குப் போனது பெயரட்டையும் சான்றிதழும் அச்சடிக்கிற ஓர் அச்சகத்துக்கு. அங்கே செம்புத் தகட்டில் எழுத்துகளைச் சிற்றுளியால் வெட்டுவார்கள். உளி ஓடும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு மெல்லிய முள்ளாக எழும்பி நிற்கும். பிசிறு என்பார்கள். சுரண்டி என்ற முக்கோணக் கத்தியால் அதை வழித்தெடுத்து, அந்த இடத்தைத் தேய்ப்பானால் மெருகேற்றிய பிறகே தகட்டில் மை பூசலாம். பிசிறு இருந்தால் மை அதில் ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கு மீசை முளைத்த மாதிரி அச்சு விழும். முதலாளி தாளைக் கசக்கி முகத்தில் எறிவார். அத்தை அங்கே சேர்ந்த நாளிலிருந்து செய்தது இந்த ஒரு வேலைதான், பிசிறு எடுப்பது. எடுத்த இடம் தெரியாமல் எடுப்பாள். பிறகு முதலாளியின் வாய்க்குப் பயந்து அந்த வேலையை விட்டு, டீச்சரின் பட்டறையில் சேர்ந்தாள்.

டீச்சர் எங்கும் பாடம் நடத்தியதில்லை. மூக்குக்கண்ணாடியும் அதன் மேல் வழியாகப் பார்க்கிற பார்வையும் அவருக்கு வாங்கிக்கொடுத்த பெயர் அது. ஓவியர். ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இரண்டு அறை: ஒன்றில் அவர் வரைவார், மற்றொன்றில் கப்பல் சக்கரம் மாதிரி பெரிய சக்கரம் வைத்த அச்சு எந்திரம். செம்புத் தகட்டில் அவர் வரைந்த கோடுகளை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை நிற்கும். மேற்பரப்பை எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் உள்ளே இருக்கிற மை அசையாது. அத்தைக்கு அது சொர்க்கம். வலைத்துணியால் துடைத்து, உள்ளங்கையில் சுண்ணாம்புத் தூள் தடவிக்கொண்டு கடைசியாக ஒரு துடைப்பு. அவள் அடித்த தாள்களில் வெள்ளை வெள்ளையாகவும் கறுப்புக் கறுப்பாகவும் இருக்கும். மற்ற ஓவியர்கள் தங்கள் தகடுகளையும் அவளிடம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை அவளே பிறகு சொன்னாள்.

டீச்சர் இளம் வயதில் டிரைபாயிண்ட் செய்தவர். அதில் அமிலம் கிடையாது. எஃகு ஊசியைப் பேனா மாதிரி பிடித்து, தகட்டை நேரடியாகக் கீற வேண்டும். கையின் பலம் முழுவதும் ஊசி முனையில் இறங்க வேண்டும். மணிக்கட்டு வலி வந்ததும் டீச்சர் அதை விட்டுவிட்டார். அத்தை பட்டறைக்கு வருவதற்கு முந்தைய கதை இது. ஆகவே அத்தை ஒரு டிரைபாயிண்ட் தகட்டைக்கூட அதுவரை தொட்டதில்லை. இத்தனை வருடமாகத் தன் எந்திரத்தை ஓட்டுகிறவளுக்கு டிரைபாயிண்ட் தெரியாமலா இருக்கும் என்று டீச்சர் நினைத்திருந்தார்.

அந்த நடிகருக்காக டீச்சர் மறுபடி ஊசியை எடுத்தார்.

அவர் நாடக நடிகர். கதாநாயகனாக ஒருபோதும் நடித்ததில்லை. நீதிபதி, திருடன், வாயிற்காவலன், குடிகார மாமா, இப்படி. ஆனால் அவர் மேடைக்கு வந்தால் சனங்கள் இருமலை நிறுத்திக்கொள்வார்கள். அப்போது அவர் ஒரு கிழட்டுக் கைதியாக நடித்துக்கொண்டிருந்தார். அதற்காகத் தாடியை அரைகுறையாக வளர்த்திருந்தார். குழு வெளியூர்ப் பயணம் கிளம்ப இருந்தது. போகிற அரங்குகளின் முகப்பில் மாட்ட அவர் முகத்தை டீச்சர் வரைந்து கொடுப்பதாக ஏற்பாடு.

அத்தை அந்த நடிகரின் நாடகம் ஒன்றையும் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் "கொஞ்சம் காத்தாடப் போயிட்டு வரேன்" என்று கிளம்பி, மாடி வரிசையில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அம்மாவுக்குத் தெரியும். அரங்கின் நுழைவுச் சீட்டைக் கைப்பையில் விட்டு வைப்பதும், அந்தப் பையை அம்மா கடன் வாங்குவதும் வழக்கம்.

அவர் முதல் நாள் உட்கார வருவதற்கு முன், அவர் உட்காரப் போகும் நாற்காலியை அத்தை சோப்புப் போட்டுக் கழுவினாள். அது காயவில்லை. நடிகர் உட்கார்ந்தார், உடனே எழுந்தார்.

"அக்கா, உங்க நாற்காலி எனக்கு முன்னாடியே அழுதிருக்கு போல."

"எங்க சுத்தம் பண்ணின வேலை. வேற நாற்காலி போடுடி" என்றார் டீச்சர்.

அத்தை அச்சறைக்குள் ஓடி, துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் வரைவதை அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். காகிதத்தில் முன்கூட்டி எதுவும் வரையவில்லை. பளபளப்பு தெரியாமலிருக்கத் தகட்டில் கொஞ்சம் கறுப்பு பூசிக்கொண்டு, நடிகரைப் பேசவிட்டு, நேராகக் கீறினார். ஊசி செம்பில் போகும்போது பல்லைக் கூசவைக்கும் சத்தம். ஒவ்வொரு நீண்ட கோட்டுக்கும் பிறகு டீச்சர் ஊசியை வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

"வலிக்குதாக்கா? விட்டுடுங்க. ஒரு போட்டோ பிடிச்சு மாட்டிக்கிறோம்."

"நீ வாயை மூடாம இரு. உன் வாய் அசையறதுதான் எனக்கு வேணும்."

"வாயை மூடாம இருன்னு என்கிட்ட சொன்ன முதல் பொம்பளை நீங்கதான்."

தகடு முடிந்ததும் முதல் தாளை டீச்சர் தன் கையாலேயே அடித்தார். மையைத் தடவி, துணியை எடையே இல்லாமல் தகட்டின் மேல் ஓடவிட்டார். துடைக்கிறாரா, விசிறுகிறாரா என்று தெரியவில்லை. ஈரத்தாளை வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி, அத்தையைச் சக்கரம் சுற்றச் சொன்னார். தாளை உரித்தெடுத்தபோது நடிகர் கிட்டே வந்து குனிந்தார்.

"மச்சம் இந்தக் கன்னத்துக்கு வந்துடுச்சே?"

"தகட்டுல வரைஞ்சா தாள்ல இடம் வலமா மாறித்தான் விழும். கண்ணாடியில நீ பாக்குற மூஞ்சி இதுதான்."

"அப்ப சரி. எனக்கு அவனைத்தான் நல்லாத் தெரியும்."

அந்தத் தாளில் தாடைக்குக் கீழும் புருவத்தின் அடியிலும் வாயோரத்திலும் வெல்வெட் துணி மாதிரி ஒரு கறுப்பு கசிந்து கிடந்தது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து கண் பார்த்தது. வாய் எதையோ சொல்லப்போவதுபோல் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலிக்கிற கையை இன்னொரு கையால் தடவினார். "இன்னும் இருக்குடி" என்றார். யாரிடம் சொன்னார் என்று அத்தைக்குப் புரியவில்லை. அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கசிவை. டீச்சருக்குத் துடைக்க முடியவில்லை, பாவம் என்று நினைத்தாள். மையெல்லாம் ஈஷிக்கொண்டிருக்கிறது. அந்த நல்ல முகம் புகையடித்த சுவர் மாதிரி இருக்கிறதே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் டீச்சர் கைக்கு வைத்தியம் பார்க்க அவருடைய தங்கை இருக்கும் ஊருக்குப் போனார். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "மீதித் தாளை நீ அடிச்சு வை. மெதுவாத் துடை. அவங்க கிளம்பறதுக்குள்ள காயணும்."

அத்தை தகட்டை லேசாகச் சூடு காட்டி மை பூசினாள். வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாகத் துடைக்கத் தொடங்கினாள். கன்னத்தருகே துணி இழுத்தது. நூல் ஒன்று சிக்கி நின்றது. எடுத்துப் போட்டாள். தாடையில் இன்னொரு நூல். புருவத்தில் ஒன்று. மையைக் கழுவிவிட்டுத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முகம் முழுக்கப் பிசிறு.

டீச்சர் மறந்துவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கைவலியோடு வரைந்தவர், கடைசி வேலையைச் செய்யாமல் கிளம்பிவிட்டார். அத்தைக்கு இரக்கம்கூட வந்ததாம். இழுப்பறையிலிருந்து சுரண்டியை எடுத்து, கல்லில் தீட்டி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த அச்சகத்தை விட்ட பிறகு அந்த வேலையை அவள் செய்யவில்லை, ஆனால் கை மறக்கவில்லை. நெற்றியில் தொடங்கினாள். கண்ணோரம், மூக்கின் பக்கம், வாயின் இரண்டு முனை, தாடியின் ஒவ்வொரு மயிர். சுரண்டி போன இடத்தில் தேய்ப்பானை ஓட்டினாள். ஒரு கீறல் விழவில்லை. இவ்வளவு நேரம் அந்த முகத்துக்கு இவ்வளவு கிட்டே இருப்பதற்கு அவளுக்கு வேறு எந்த நியாயமும் கிடைத்திருக்காது. சாப்பிட மறந்து செய்தாள்.

பிறகு அடித்த தாள்கள் அவளுக்குப் பிடித்த மாதிரி வந்தன. கோடு கோடாக, மெல்லிசாக, கசிவே இல்லாமல். கம்பியில் வரிசையாக மாட்டினாள்.

நடிகர் வழியில் போனவர் எட்டிப் பார்த்தார். தாடி எடுத்திருந்தார், கைதி நாடகம் முடிந்து, வெளியூருக்கு வேறு நாடகம் போகிறது.

"என்ன சுத்தம் மேடம், என்னைக் காயப் போட்டுட்டீங்களா?"

"பாருங்க சார். நல்லா வந்திருக்கா?"

அவர் ஒரு தாளைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அவர் நடிகர், முகத்தில் எதுவும் காட்டவில்லை.

"அட, நாளைக்கே எனக்குப் பொண்ணு பாக்கப் போலாம் போலிருக்கே. என் வீட்டுக்காரி பாத்தா சந்தோஷப்படுவா."

அத்தைக்குக் காது சிவந்துவிட்டது. அவர் வாசல்வரை போய், சுவரில் டீச்சர் ஒட்டி வைத்திருந்த முதல் தாளின் முன்னால் நின்றார். அங்கே நின்றது ரொம்ப நேரம். பிறகு போய்விட்டார்.

அவர் எதைப் பார்த்தார் என்று பார்க்க அத்தை போனாள். சுவரில் இருந்த முகம் அவளைப் பார்த்தது. திரும்பிக் கம்பியைப் பார்த்தாள். அங்கே ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் திறந்திருந்தது, அத்தனையும் பழைய பெயரட்டையில் இருக்கிற எழுத்து மாதிரி சும்மா இருந்தது. அவசரமாகத் தகட்டை எடுத்து மை பூசினாள். நிறையப் பூசினாள். துணியை டீச்சர் மாதிரி மேலாக ஓட்டினாள். முகத்தின் மேல் சாம்பல் படலம் வந்தது. அந்தக் கறுப்பு வரவில்லை. விரலால் தகட்டைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மை நின்றது கோட்டில் மட்டுமில்லை, பிசிறில். கண்ணையும் வாயையும் பிடித்து வைத்திருந்ததே அதுதான். அவள் அதை வழித்துத் துணியில் துடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தாள்.

ஊசி பக்கத்திலேயே இருந்தது. தொடத் துணியவில்லை.

டீச்சர் கையில் பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நரம்பு தளர்ந்திருக்கிறது, இனிமேல் அழுத்தம் கொடுக்கிற வேலை எந்த அளவுக்கு முடியும் என்று சொல்வதற்கில்லை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கம்பிக்குப் போனார். அத்தை அச்சு எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டப் போகிறார், திட்டட்டும், திட்டினால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

டீச்சர் திட்டவில்லை. தகட்டை எடுத்து விரலால் தடவினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுரண்டிய தடம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள் அத்தை.

"பிசிறு படுத்துடுச்சு" என்றார். "நாலு தாளுக்குக்கூடத் தாங்கலை பாரு. ஆழமா இறங்கியிருந்தா பிசிறு நிக்கும். இறங்கலை."

"டீச்சர்..."

"உன்னைச் சொல்லலடி. நீ என்ன பண்ணுவ? முதல் தாளைப் பாத்து நான்தான் ஏமாந்துட்டேன். கை போயிடுச்சு. வைத்தியன் சொன்னப்போ நம்பலை. இப்ப நம்பறேன்."

அத்தை வாயைத் திறந்தாள். "காப்பி போடட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைச் சொல்லும்போதுதான் என் அத்தை இன்றைக்கும் முகத்தை மூடிக்கொள்வாள். சுரண்டியதைச் சொல்லும்போது இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் பாத்திரங்கள் ஒரே தடவைதான் கழுவப்பட்டன. அப்பா முதலில் கேலி செய்தார்: "என்ன, நம்ம வீட்டுத் தட்டெல்லாம் அழுக்கோட பழகிக்கணுமா இனிமே?" அத்தை எழுந்து போனதும் அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா துணி மடிக்கிற சாக்கில் அத்தை அறைக்குப் போனாள்.

"நாடகக்காரர் விஷயமா?"

"உங்களுக்கு எப்படி அண்ணி?"

"அதெல்லாம் கிடக்கட்டும். என்ன ஆச்சு?"

அத்தை சொன்னாள். டீச்சர் ஊசிகளையெல்லாம் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருப்பதையும், ஓவியக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணிடம் அவற்றைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னதையும் சொன்னாள்.

"சொல்லிட்டா வேலையை விட்டு எடுத்துடுவாங்களா?"

"எடுத்தா எடுக்கட்டும் அண்ணி. அவங்க தினமும் அந்தக் கையைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. தண்ணி டம்ளரைக்கூட இடது கையால எடுக்கறாங்க. வலது கை செத்துப் போன மாதிரி. நான் எதிர்லயே நின்னு மேசை துடைக்கிறேன்."

அம்மா ஒரு சட்டையை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். "எனக்கு உன் வேலை ஒண்ணும் புரியாது. ஆனா ஒருத்தங்க கையை நீ வாங்கி வச்சிருக்க. திருப்பிக் குடு."

நடிகர் படங்களை வாங்கிப் போக வந்த நாளில்தான் அது நடந்தது. டீச்சர் சுவரிலிருந்த முதல் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இது ஒண்ணுதான் தேறும். மத்ததைக் கிழிச்சுடறேன். மன்னிச்சுக்கோப்பா, முன்ன மாதிரி இல்லை நான்."

"என்னக்கா இது. நான் மட்டும் முன்ன மாதிரியா இருக்கேன்? வசனம் பாதி முழுங்கிட்டுத்தான் நடிக்கிறேன்."

"உனக்கு முழுங்க முடியும். தகட்டுல முழுங்க முடியாது."

மேசையில் துணிச்சுருள் இருந்தது. அந்தப் பெண் சாயங்காலம் வந்து எடுத்துப்போவாள் என்று டீச்சர் சொன்னார். அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பிசிறை நான்தான் சுரண்டினேன் டீச்சர்."

இருவரும் திரும்பினார்கள்.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு. பிசிறு நின்னுச்சு. துணியெல்லாம் சிக்குச்சு. நான் சுரண்டி எடுத்து வழிச்சுட்டேன். தேய்ச்சு மெருகும் போட்டேன்."

டீச்சர் கண்ணாடிக்கு மேல் வழியாக அவளைப் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. அத்தை எதிர்பார்க்காதது அது.

"நல்ல மனசுடி உனக்கு. என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாத."

"இல்ல டீச்சர், நிஜமா..."

"உன் கை பட்டா தகட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? நான் வச்சிருக்கிற ஆளுலயே உன்னை மாதிரி யாரு?"

அத்தைக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. உண்மையை மறைத்து வைத்தது போக, இப்போது சொன்னால் அதையும் தன் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்கிறார் டீச்சர். துணிச்சுருளைப் பிரித்து ஓர் ஊசியை எடுத்தாள். தகட்டைப் பின்பக்கமாகத் திருப்பி டீச்சர் முன்னால் வைத்தாள்.

"கீறுங்க டீச்சர். ஒரு இடத்துல நெருக்கமாக் கீறுங்க. உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

"எதுக்கு?"

நடிகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு டீச்சரை உட்காரவைத்தார். "கீறித்தான் பாருங்களேன் அக்கா. அவங்க இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை."

டீச்சர் பட்டையை அவிழ்த்தார். ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். பல்லைக் கூசவைக்கிற அந்தச் சத்தம் வந்தது. முடித்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை சுரண்டியை எடுத்தாள். அந்தக் கட்டத்தில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மறு பாதியில் பிசிறை வழிக்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் செய்த அதே வரிசை: சுரண்டி, எண்ணெய், தேய்ப்பான். தான் செய்த தவறைத் தவறு என்று தெரிந்துகொண்டு, அந்த இருவர் கண் முன்னால், முன்பைவிடக் கவனமாகச் செய்ய வேண்டியிருந்தது. கை நடுங்கியது.

"அன்னைக்கு நடுங்கலையா?" என்று கேட்டார் டீச்சர். குரல் மாறியிருந்தது.

"அன்னைக்குத் தெரியாது டீச்சர். அழுக்குன்னு நினைச்சேன்."

மை பூசி, மேலாகத் துடைத்து, ஒரு தாள் அடித்தாள். நடிகர் சக்கரம் சுற்றினார். உரித்தெடுத்த தாளில் பாதிக் கட்டம் வெல்வெட் கறுப்பு. மீதிப் பாதி கொசுவலை.

டீச்சர் கறுப்புப் பாதியை விரலால் தொட்டார். விரலில் ஒட்டிய மையைப் பார்த்தார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகட்டைக் கெடுத்ததை விடு" என்றார் டீச்சர் கடைசியில். "தகடு கடையில கிடைக்கும். நான் ஊசியை மூட்டை கட்டினப்போ அந்தச் சுருளுக்கு முடிச்சுப் போட்டுக் குடுத்தது யாரு?"

 முடிச்சுப் போட்டது அவள்தான். டீச்சருக்கு ஒரு கையால் கட்ட வரவில்லை என்று, அவளே வாங்கி, அழகாக இரட்டை முடிச்சுப் போட்டிருந்தாள்.

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நடிகர் பயணத்திலிருந்து இடையில் வந்தபோது டீச்சர் புதுத் தகட்டில், மழித்த முகத்தோடு, அவரை மறுபடி வரைந்தார். முகம் வேறாக இருந்தது, கறுப்பு இருந்தது. அந்தத் தகட்டை டீச்சரே துடைத்தார். அத்தை சக்கரம் மட்டும் சுற்றினாள். சுரண்டி இருக்கிற இழுப்பறைக்குப் பூட்டு வந்தது. தேவைப்படும்போதெல்லாம் அத்தை போய்ச் சாவி கேட்பாள். டீச்சர் எதற்கு என்று கேட்கமாட்டார். கண்ணாடிக்கு மேல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுப்பார். எதற்கென்று கேட்டிருந்தால் தேவலை என்பாள் அத்தை. 'சுத்தம்' என்று மட்டும் அவர் அதன்பின் கூப்பிடவில்லை. வீட்டில் அவளை அழைக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அவளுக்கு வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

கிழிக்க வைத்திருந்த தாள்களில் ஒன்றை நடிகர் கெஞ்சி வாங்கிப் போயிருந்தார். டீச்சர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பயணம் முடிந்து வந்ததும் அவருடைய மனைவி அத்தையை வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார். துணைக்கு என்று என்னையும் அத்தை கூட்டிப்போனாள். கூடத்தில் சோபாவுக்கு நேர் மேலே, நல்ல சட்டத்தில், அந்தப் படம் மாட்டியிருந்தது. அத்தை அதற்கு முதுகைக் காட்டி உட்காரப் பார்த்தாள். அந்த அம்மாள் விடவில்லை. எதிர்நாற்காலியில் உட்காரவைத்து விளக்கையும் போட்டார்.

"இது நீங்க அடிச்சதாமே. டீச்சர் முதல்ல அடிச்சது உள்ளே இருக்கு, எனக்கு அது வேண்டாம்மா. தண்ணி குடிக்க எழுந்து வந்தா முறைக்குது. இது சாது. வீட்டுல இருக்கறப்போ இவர் இப்படித்தான், யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டார்."

"உன்னைப் பாக்கறதுக்கு தைரியம் வேணும்" என்றார் நடிகர் பின்னாலிருந்து.

"சும்மா இருங்க. இதுல யார் கையெழுத்தும் இல்லைன்னு பாத்தேன். செஞ்சவங்க பேர் இல்லாம எப்படி? நீங்களாவது போட்டுக் குடுங்க."

அந்த அம்மாள் அதற்குள் படத்தை இறக்கி, சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்து, பென்சிலையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். அத்தை நடிகரைப் பார்த்தாள். அவர் காப்பாற்றுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"அதுல ஒரு தப்பு இருக்கும்மா" என்றாள் அத்தை.

"எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அத்தை தாளின் மேல் குனிந்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிடக் கை போனது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு ஓவியர் கையெழுத்துப் போடும் வலது மூலையில், தன் முழுப்பெயரை, தகப்பனார் பெயரையும் சேர்த்து, வாக்குமூலத்தில் போடுவதுபோல் ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள்.

"அழகான கையெழுத்து" என்றார் அந்த அம்மாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு."

அத்தை பென்சிலை மேசையில் வைத்தாள். காப்பி வந்து, ஆறிப்போய், நாங்கள் கிளம்புகிறவரை அவள் தலையை நிமிர்த்தவில்லை.